செயலாளரின் அம்மா

உட்காருங்கள் தம்பி. மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இரண்டாம் மாடி வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார். நான் இப்போது இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இல்லை. ஆனாலும் சாவியை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வாடகை, தண்ணீர், வண்டி நிறுத்துகிற இடம் எல்லாம் பிறகு பேசலாம். உள்ளே வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவும் கூட இருப்பார்கள், வயதானவர்கள், இந்த இடம் அவர்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டீர்கள். சரிப்படும். லிஃப்ட் இருக்கிறது, காற்று வரும், பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் இதே கேள்வியைக் கீழ்வீட்டு ஆல்பர்ட் சாரிடம் கேட்டுப் பாருங்கள். சங்கத் தலைவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். கண்ணால் மாடியைக் காட்டி, "அத நீங்க மாடியில கலியபெருமாள் சார்கிட்டதான் கேக்கணும். அம்மாவ வெச்சுப் பாத்தவரு" என்பார். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

முன்னே வீடு பார்க்க வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஏனோ ஒருவரும் திரும்பி வரவில்லை. இந்தக் காலத்தில் எல்லோருக்கும் அவசரம்.

உள்ளே மிக்ஸி ஓடுகிறது, கேட்கிறதா? என் மனைவி புவனா. நான் இதைச் சொல்லத் தொடங்கினால் அவளுக்கு உடனே ஏதாவது அரைக்க வேண்டும்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. ரசீதில் தேதி இல்லை என்பதற்காக ஒரு நகராட்சி ஆணையரையே எழுந்து நின்று பேச வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் செயலாளராக இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. இந்தக் குடியிருப்பின் நல்ல காலம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். ஊரடங்கு அறிவித்த அன்றே உட்கார்ந்து விதிகளை எழுதினேன். வேறு குடியிருப்புகளில் என்ன செய்தார்கள்? "தயவுசெய்து ஒத்துழைக்கவும்" என்று ஒரு தாளை ஒட்டினார்கள். தயவு செய்தால் கிருமி போய்விடுமா? நான் எழுதியது விதி. அதில் ஏழாவது விதிதான் கிரீடம் போன்றது. எக்காரணம் கொண்டும் மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் எவரும், பதினான்கு நாட்கள் வேறிடத்தில் தங்கிய பின்னரே வளாகத்துக்குள் அனுமதிக்கப்படுவர். கவனியுங்கள், எக்காரணம் கொண்டும், எவரும். ஓட்டையே கிடையாது. வாட்ஸ்அப்பில் போட்டதும் கை தட்டினார்கள், கும்பிட்டார்கள், ஒருவர் ஏனோ கேக் படம் அனுப்பினார். அடுத்த தெருவில் இரண்டு குடியிருப்புக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் பேரைப் போடவில்லை. அது போகட்டும்.

அப்போது அம்மா என்னோடுதான் இருந்தாள். தையல்நாயகி என்று பேர். மாயவரம் பக்கம். மார்பில் கட்டி வந்து, வருஷக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்து, கடைசியில் புவனாதான் கண்டுபிடித்தாள். கீமோ போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை. பாதி முடிந்திருந்தது. முடி கொட்டிவிட்டது, வாயெல்லாம் புண். ஆனால் கட்டி கரைந்துகொண்டிருந்தது. டாக்டர் பெனசீர் என்று ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி, விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, எலுமிச்சம்பழம் இப்ப நெல்லிக்காய் ஆயிடுச்சு. இன்னும் கொஞ்சம் சின்னதாகட்டும், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து அம்மா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். காய்கறிக்காரியிடம்கூடச் சொன்னாள்.

ஏழாவது விதி முதலில் யார் மேல் பாய்ந்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் பார்க்க வந்திருக்கும் வீட்டில் அப்போது குடியிருந்தவர் தனசேகர். அவருடைய பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, குழந்தையோடு காரில் வந்து கேட்டில் நின்றார்கள். நான் கீழே இறங்கிப் போய் விதியைப் படித்துக் காட்டினேன். "பிரசவம் வியாதியா சார்?" என்றார் தனசேகர். நான் வியாதி என்று எழுதவில்லையே, எக்காரணம் கொண்டும் என்றல்லவா எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் காருக்குள் அழுதது. குழந்தையும் அழுதது. அவர்கள் குரோம்பேட்டையில் யாரோ உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பிறகு வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். தண்ணீர்ப் பிரச்சினை என்றுதான் காரணம் எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மா பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே வந்ததும், "பச்சை உடம்புக்காரியாச்சே கலியா" என்றாள்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

தலையை ஆட்டினாள். என் அம்மாவுக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கீமோவுக்கு நாள் வந்தது. ஆஸ்பத்திரி திறந்திருந்தது. சிகிச்சைக்குப் போவதற்கு அரசாங்கமே பாஸ் கொடுத்தது. அங்கே ஒரு தடையும் இல்லை, நான் மறைக்கவில்லை. டாக்டர் பெனசீரே போன் செய்தாள். "சார், பாட்டியக் கூட்டிட்டு வந்துடுங்க. பாதியில நிறுத்தக் கூடாது."

நான் எங்கள் விதியை விளக்கினேன்.

"யார் போட்ட ரூல் சார்? கார்ப்பரேஷனா?"

"குடியிருப்போர் நலச் சங்கம்."

"அந்தச் செகரட்டரி நம்பரக் குடுங்க சார், நான் பேசறேன்."

"நான்தாம்மா செகரட்டரி" என்றேன்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் சரியில்லை போலிருக்கிறது.

பிறகு மங்கை. என் தங்கை மங்கையர்க்கரசி. வியாசர்பாடியில் இருக்கிறாள். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். மாப்பிள்ளை செல்வராசு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான், நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் போன் செய்து, "அண்ணே, உன் ரூல நீயே வெச்சுக்க. அம்மாவ ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்க கூட்டிட்டு வந்துடறேன். ஊசி முடியற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள் தம்பி. வரிசை வீடு. ஒரே ஒரு அறை. எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை. கீமோ போட்ட உடம்பில் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிவிடும். இதை நான் சும்மா சொல்லவில்லை, ஆராய்ச்சிக் கட்டுரைகளாக எடுத்துப் படித்தேன். சீனாவில் செய்த ஆய்வு, இத்தாலியில் செய்த ஆய்வு. புற்றுநோய்க்காரர்களுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்று பட்டியல் போட்டிருந்தான். இதைப் படித்த பிறகும் அம்மாவைப் பொதுக் கழிப்பறைக்கு அனுப்ப முடியுமா? தவிரவும், மகன் நான் ஒருவன் இருக்கும்போது அம்மா மகள் வீட்டில் போய்ச் சிகிச்சை எடுத்தாள் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? மாயவரத்தில் எங்கள் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மங்கைக்கு இதெல்லாம் புரியாது. கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

ஆல்பர்ட் சாரும் வந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் விட்டுவிட்டேன் என்பார். முகக்கவசத்தோடு படியில் நின்றுகொண்டு, "கலியபெருமாள், ரூலு நாமதானே போட்டோம்? அம்மாவுக்கு மட்டும் விலக்குக் குடுத்துடலாம். நான் குரூப்புல போட்டுட்டேன்" என்றார். போனைப் பார்த்தால் கட்டைவிரலாக வந்து விழுந்துகொண்டிருக்கிறது. எல்லா வீட்டிலிருந்தும் கட்டைவிரல். தனசேகர் வீட்டிலிருந்துகூட. அவருடைய பெண் அப்போதும் குரோம்பேட்டையில்தான் இருந்தாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் தன் அம்மாவுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டான் என்றால் அதற்குப் பேர் என்ன? மற்றவர்களிடம் வாழ்நாளெல்லாம் எதைத் தேடிக் கண்டுபிடித்தேனோ, அதை நான் செய்வதா? கைக்குழந்தையைக் கேட்டில் நிறுத்தியவன், தன் அம்மா வந்தால் கேட்டைத் திறப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

வேண்டாம், சொல்ல வேண்டாம். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், அம்மாவே வேண்டாம் என்றுவிட்டாள். இதை ஆல்பர்ட் சார் யாரிடமும் சொல்வதில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். "என்னால உனக்கு ஏதும் சங்கடமா கலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இந்தத் தடவை ஊசி வாணாம்பா. வாயெல்லாம் புண்ணாப் போவுது, ஒரு ரசஞ்சோறு திங்க முடியல. இந்தச் சனியன் ஒழியட்டும், அப்பறமாப் போட்டுக்கலாம்."

கேட்டீர்களா? அவள் வாயால் சொன்னது. சொந்த விருப்பத்தின் பேரில். நான் வற்புறுத்தவில்லை.

அந்த மாதங்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு நிம்மதியாக ஒரு காலம் இருந்ததில்லை. அலுவலகம் இல்லை. அம்மாவுக்கு வாய்ப்புண் ஆறியது. மீன் குழம்பு கேட்டாள். தலையில் முடி முளைக்கத் தொடங்கியது, கோழிக்குஞ்சின் இறகு மாதிரி. நான் தடவிப் பார்ப்பேன். "கைய எடுடா, கூசுது" என்பாள். சாயங்காலம் தாயம் ஆடினோம். அம்மா தாயத்தில் ஏமாற்றுவாள், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆய்வுக் கட்டுரைக்காரனும் சரி, டாக்டரும் சரி, இதை எதிலும் சேர்ப்பதில்லை. உடம்பு சற்றுத் தேறத்தானே செய்தது?

பக்தியும் கூடிவிட்டது. முன்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாம்பிராணி போடுவாள். இப்போது தினமும் போட்டாள். பிறகு காலை, மாலை. பிறகு எந்நேரமும் அவள் அறையில் புகைதான். ஊதுவத்தி வேறு. "நுரையீரலுக்குக் கெடுதிம்மா, இந்த நேரத்துல போய் இப்படிப் புகை போடறியே" என்று கடிந்துகொண்டிருக்கிறேன். "சாமிக்குப்பா" என்பாள். சுத்தமும் அதிகமாகிவிட்டது. தன் ரவிக்கைகளைத் தானே துவைத்துத் தன் அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்திக்கொண்டாள். புவனாவைத் தொடவே விடவில்லை. கொரோனா பயம் அம்மாவுக்கும் வந்துவிட்டது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைத் துண்டை மார்பு மேல் மடித்துப் போட்டுக்கொண்டுதான் தாயம் ஆட வருவாள். குளிர்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அப்போது கத்திரி வெயில். வயதானவர்களுக்கு அப்படி இருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது, புவனா படுக்கை விரிப்பை மாற்ற உள்ளே போனாள். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். நேராகப் போய் மங்கைக்குப் போன் செய்தாள். என்னிடம் சொல்லவில்லை, மங்கையிடம் சொன்னாள். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

மிக்ஸியை நிறுத்திவிட்டாள், பார்த்தீர்களா. இனிமேல் குழாயைத் திறந்துவிடுவாள்.

மறுநாள் செல்வராசு ஆட்டோவோடு வந்தார். அம்மாவை மங்கைதான் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போயிருப்பேன். போனால் நானும் பதினான்கு நாள் வெளியே இருக்க வேண்டும். அது தொற்று உச்சத்தில் இருந்த நேரம். தெருவுக்குத் தெரு தகரம் அடித்திருந்தார்கள். சங்கத்தைச் செயலாளர் இல்லாமல் விட முடியுமா? அதனால் மங்கையை வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். அவள் போனைச் சரியாகப் பிடிக்கவில்லை. எனக்கு ஆஸ்பத்திரிக் கூரைதான் தெரிந்தது. ஒரு டியூப்லைட், ஒரு பல்லி. குரல்கள் மட்டும் கேட்டன.

துணியை விலக்கும் சத்தம். டாக்டர் பெனசீர் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். இத்தாலிக் கட்டுரையைத் திறந்தே வைத்திருந்தேன். அவள் என்னிடம் பேசவே இல்லை.

"ஏன் பாட்டி சொல்லல? இவ்ளோ புண்ணாகி, சீழ் வெக்கிற வரைக்கும்... வலிச்சிருக்குமே. எப்படிப் பாட்டி பொறுத்துக்கிட்டீங்க?"

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? அந்தக் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. வெட்கப்படுகிற மாதிரி, அதே சமயம் கொஞ்சம் பெருமையாகவும் சொன்னாள்.

"எம் புள்ள செகரட்டரிம்மா. அவன் போட்ட ரூலு. நானே மீறினா ஆரு அவன மதிப்பா?"

ஆல்பர்ட் சார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் அம்மாவுக்கு ஏழாவது விதி புரிந்த மாதிரி இந்தக் குடியிருப்பில் வேறு யாருக்கும் புரியவில்லை.

இனி ஊசியால் பிரயோஜனம் இல்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ நேராக இங்கேதான் வந்தது. நான் கீழே இறங்கிப் போனேன். ஆல்பர்ட் சார் எனக்கு முன்னால் போய்க் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, "உள்ள வாங்கம்மா. தம்பி, வண்டிய உள்ள விடுங்க" என்றார். செல்வராசு என்னைப் பார்த்தார். மங்கை என்னைப் பார்த்தாள். பால்கனிகளில் எல்லாரும் நின்றார்கள்.

நான் அம்மாவைக் கேட்டுக்குள் விடவில்லை என்று சொல்கிறார்களே, அது பச்சைப் பொய். "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அங்கே நின்றிருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் வாயையே திறக்கவில்லை.

அம்மாதான் பேசினாள். "நான் மங்கை வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் கலியா. பதினாலு நாள்தானே? தோ, போயிடும்." பிறகு, "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றாள். செல்வராசு வண்டியைத் திருப்பினார்.

நான் சும்மா இருக்கவில்லை. தலைப்பக்கம் தூக்குகிற மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டேன். அறைக்கு வெள்ளை அடித்தேன், அந்தச் சாம்பிராணிக் கறை போகவே இல்லை, இரண்டு பூச்சு பூச வேண்டியிருந்தது. பதினைந்தாம் நாள் காலை அழைத்து வர வண்டிக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

பதினான்கு நாள் ஆகவில்லை.

மங்கை போன் செய்தாள். போனேன். வரிசை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று ஒன்றும் தெரியவில்லை. மங்கை எழுந்து வந்தாள். கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாண்ணே. உள்ள வா. இங்க ரூலெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றாள்.

அவள் அதைக் குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

அங்கே இன்னொரு விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு கழிப்பறையில் ஒன்றை அம்மாவுக்கென்றே விட்டுவிட்டு, எட்டுக் குடித்தனமும் மற்றதற்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். அம்மாவுடையதை முறை வைத்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். யார் தீர்மானம் போட்டது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். எழுத்தில் எதுவும் இல்லை. வெறும் வாய்ப்பேச்சு.

அன்று சாயங்காலமே ஆல்பர்ட் சார் வாட்ஸ்அப்பில் இரங்கல் போட்டு, அதோடு சேர்த்து ஏழாவது விதி ரத்து என்றும் போட்டுவிட்டார். இதுதான் தம்பி என் குறை. முன்னறிவிப்பு இல்லை, கூட்டம் இல்லை, செயலாளர் ஒப்புதல் இல்லை. முறைப்படி அது செல்லாது. செல்லாத தீர்மானத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி வீட்டுக்குள் வர முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவளை நான் தொட்டுத் தூக்கியிருக்கிறேன். என் கணக்கில் விதி எனக்கும் பொருந்தும். சேலையூரில் நண்பர் ஒருவரின் வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே போய் இருந்தேன். நானே கஞ்சி வைத்துக் குடித்தேன். பத்தாம் நாள் காரியத்துக்கு மங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். போய் வந்ததால் எண்ணிக்கையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். புவனா போனில் அழுதாள், "வந்துடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதற்காக ஒரு விதி இல்லாமல் போய்விடுமா? அதைக் கடைசிவரை கடைப்பிடித்தது இரண்டு பேர்தான். அம்மாவும் நானும்.

நாள் முடிந்து, காலையில் பையோடு வந்து கேட்டில் நின்றேன். காவலாளி துரைக்கண்ணு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க சார்" என்றார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்கவில்லை. எங்கே தங்கினேன், எத்தனை நாள் தங்கினேன் என்று கேட்கவில்லை. ஒரு வேளை மறந்திருப்பார் என்று நான் அங்கேயே நின்றேன். பால்காரன் உள்ளே போனான். யாரோ ஒரு கொரியர்காரன் போனான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னைக் கேளுங்க துரைக்கண்ணு" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "என்னத்த சார் கேக்கறது? உங்க வீடு. உள்ள போங்க."